மேகப்பட்டில் கட்டிலுக்கு அடியில் செங்கல்

“சார், கதை நடக்கிறது ஆகாயத்துல. ஊரே மிதக்குது. அப்புறம் எதுக்கு சார் கட்டில் காலுக்கு அடியில செங்கல்?”

சென்னையிலிருந்து நிவேதா ஃபோனில் இப்படிக் கேட்டபோது என் ஸ்டுடியோவில் மூன்று பேர் இருந்தோம். நான், என் மனைவியின் தம்பி குணா, எங்கள் நாடகத்தின் கதாநாயகி தாமரைக்குக் குரல் கொடுத்த ஷமீம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வெளியே மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஏதோ ஒரு கூட்டத்துக்கு மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆள் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தி ஓயும்வரை எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

திறந்து என்ன சொல்வது? எழுதிய எனக்குப் பதில் தெரியவில்லை. படித்துப் பார்த்த குணாவுக்கு அப்படி ஒரு கேள்வியே தோன்றவில்லை. ஒத்திகையில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பேசிய ஷமீமுக்கும் உறைக்கவில்லை. கட்டில் என்று ஒன்று இருந்தால் அதன் காலுக்கு அடியில் செங்கல் இருக்கும். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

கடலூர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. இந்தத் தொடரில் இதுவரை என் பெருமையைக் கொஞ்சம் அடக்கியே வாசித்து வந்திருக்கிறேன். இந்த வாரம் அடக்குவதாக இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கே தெரிந்த குரல்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஆட்டோ போகுமே, “வாருங்கள் வாருங்கள், மாபெரும் தள்ளுபடி” என்று? உள்ளே பேசுகிறவர் ஆட்டோவில் இருக்க மாட்டார். அவர் என்றைக்கோ என் ஸ்டுடியோவில் பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். துணிக்கடைத் திறப்பு, கோயில் திருவிழா, தண்ணீர் வராத நாள், காணாமல்போன ஆள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் எங்கள் கைவண்ணம்தான். மதியத்தூக்கத்தைக் கெடுத்ததற்காக நீங்கள் எப்போதாவது திட்டியிருந்தால், அந்தத் திட்டு சரியான முகவரிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஷமீம் முதலில் வந்தது தன்னுடைய தையல் வகுப்புக்கு விளம்பரம் போட. கடலூர் பழைய டவுனில் வீடு. கணவர் கத்தாரில் வேலை. அன்று வழக்கமாகப் பேசும் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. “நீங்களே பேசிடுங்கம்மா” என்றேன், வேண்டாவெறுப்பாக. ஷமீம் பேசினார். நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நேரில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன், இந்த உடம்பிலிருந்தா இந்தக் குரல் வருகிறது என்று.

அதிலிருந்து கடலூரில் எந்த ஆட்டோ பேசினாலும் ஷமீம்தான். மளிகைக் கடையில் அரை கிலோ துவரம்பருப்பு கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். “நீங்க அந்தத் துணிக்கடையில…” என்று ஆரம்பிப்பார். ஷமீம் உடனே, “இல்லீங்க, அது வேற யாரோ” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

ஏன் அப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஆமான்னு சொன்னா அடுத்து பேரு கேப்பாங்கண்ணே. பேரச் சொன்னா, அது யாருன்னு முழிப்பாங்க. கொரலுக்குத்தான் பேரே இல்லியே. எதுக்கு அந்த வம்பு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. விளம்பரத்தில் கடை பேர் வரும், முதலாளி பேர் வரும், முதலாளியின் அப்பா பேர்கூட வரும். பேசுகிறவர் பேர் வராது. அது தொழிலின் வழக்கம். அந்த வழக்கத்தை உண்டாக்கியவன் நான் இல்லை என்றாலும் அதில் சாப்பிடுகிறவன்.

மேகப்பட்டு

ஆட்டோக்கள் ஓடாமல் கிடந்த ஒரு காலம் வந்தது. ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சிறுவயதிலிருந்தே எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. மேகங்களுக்கு நடுவே ஊர்கள் மிதக்க வேண்டும், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஆள்கள் தாவிப் போக வேண்டும். சும்மா இருந்த வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி, அதை நாடகமாக எழுத உட்கார்ந்தேன். காதால் மட்டும் கேட்கிற நாடகம். படம் எடுக்க நம்மிடம் ஆகாயமும் இல்லை, காசும் இல்லை. சத்தம் எடுக்க மைக் இருக்கிறது.

கதை இதுதான். கடல் ஏறி வந்து நிலத்தை விழுங்கிவிடுகிறது. தப்பித்தவர்கள் பெரிய பெரிய காற்றுப் பைகளைக் கட்டி ஊர்களையே மேலே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒவ்வொரு ஊரும் ஒரு தடித்த வடத்தால் கீழே கட்டப்பட்டிருக்கும். வடத்தைக் காவல் காப்பவர் நங்கூரக்காரர். மேகப்பட்டு என்ற ஊரின் நங்கூரக்காரி தாமரை. பக்கத்து ஊரான வெண்குப்பம் வடம் அறுந்து புயலுக்குள் போகிறது. அதைத் துரத்திப் பிடித்து மீட்டு வர வேண்டும்.

பேர்களைப் பார்த்தீர்களா? மேகப்பட்டு, வெண்குப்பம், காத்துப்பாளையம். எதிர்காலத்து ஊருக்கு வாயில் நுழையாத பேர் வைக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? நம் ஆள்கள் மேலே போனால் பட்டும் குப்பமும் பாளையமும் கூடவேதான் போகும்.

தாமரையாக நடிக்கக் கேட்டதும் ஷமீம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“முடிவுல பேரு சொல்லுவீங்களாண்ணே?”

“தாமரையாக ஷமீம் பானு. அப்படியே வரும்மா” என்றேன்.

“அப்ப நான் ரெடி. மச்சான் கத்தார்லேருந்து கேக்கணும்” என்றார். அவர் வீட்டில் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மச்சான் குணா அப்போது மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வடத்தின் குரல்

குணாவுக்குக் கீரப்பாளையத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. காது மட்டும் கடவுள் தனியாகச் செய்து அனுப்பியது. “மாமா, ஒரு ஊரு மிதந்தா அதுக்கு ஒரு சத்தம் இருக்கணும் இல்ல?” என்றான். மில் ஓடும் சத்தத்தைப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து, தலையணைக்கு அடியிலிருந்து கேட்பதுபோல ஆக்கினான். மேகப்பட்டு மூச்சு விட ஆரம்பித்தது.

ஊரின் அபாயச் சங்குக்குக் குடிகாடு பக்கம் போய், ஷிப்ட் மாறும்போது ஊதும் கம்பெனிச் சங்கைப் பிடித்து வந்தோம். டீக்கடையில் மைக்கை வைத்துக்கொண்டு காத்திருந்த எங்களை அந்த ஊர்க்காரர்கள் டிவிக்காரர்கள் என்று நினைத்து ரோட்டைப் பற்றிப் புகார் சொன்னார்கள். அந்தப் புகாரும் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.

வடத்துக்குத்தான் அலைந்தோம். துறைமுகத்தில் படகுக் கயிறு முனகும். அது போதாது. ஒரு ஊரையே இழுத்துப் பிடிக்கிற கயிறு வேறு மாதிரிக் கத்தும். கடைசியில் சிதம்பரத்தில் தேரோட்டத்தன்று வீதியில் கூட்டத்துக்குள் புகுந்தான் குணா. ஆயிரம் கை இழுக்கும் வடம், தேர் அசைவதற்கு முன்னால் ஒரு நொடி விறைக்கும். அப்போது அதன் உள்ளிருந்து ஒரு முறுக்குச் சத்தம் வரும். அதைச் சட்டைப் பையில் இருந்த சின்ன மைக்கில் பிடித்துவிட்டான். செருப்பு இரண்டும் போய்விட்டன. வெறுங்காலோடு பஸ் ஏறி வந்து, “கெடச்சிடுச்சி மாமா” என்றான். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இத்தனையும் சேர்த்து முதல் சில பாகங்களைச் சென்னையில் ஒரு ஆடியோ ஆப் கம்பெனிக்கு அனுப்பினோம். அதைக் கேட்டுவிட்டுத்தான் நிவேதா ஃபோன் செய்தார்.

லாஜிக் இடித்த இடம்

மைதானத்து மைக் ஓய்ந்ததும் நான், “அது… ஒரு இது மேடம்” என்று வழிந்தேன்.

“கதை சூப்பர் சார். சத்தமெல்லாம் பிரமாதம். செங்கல் மட்டும் லாஜிக் இடிக்குது, எடுத்துடுங்க” என்றார் நிவேதா. “இன்னொண்ணு சார், தாமரை குரல். நல்ல குரல்தான், ஆனா அறிவிப்பு மாதிரி இருக்கு. ஏதோ ஆட்டோல போற மாதிரி. இங்க எங்ககிட்ட நல்ல ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க. தாமரையை மட்டும் இங்கே மாத்திக்கலாமா?”

ஃபோன் ஸ்பீக்கரில் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் பாய்ந்து அணைக்கப் போனேன். ஷமீம் என் கையைத் தடுத்தார்.

“மேடம், நான் ஷமீம் பேசுறேன். தாமரையா பேசுனது நான்தான்.”

“ஐயோ, சாரிங்க…” என்று ஆரம்பித்தார் நிவேதா.

“கொரலப் பத்தி அப்புறம் பேசலாம். செங்கல்லுக்குக் காரணம் கேட்டீங்க இல்ல, அதச் சொல்லிடுறேன். எங்க ஊர்ல மழக்காலம் வந்தா கட்டில செங்கல் மேல ஏத்துவோம். பிரிட்ஜ ஏத்துவோம். கேஸ் சிலிண்டர ஜன்னல் கம்பில கட்டுவோம், மெதந்து போயிடும்னு. மழ போனப்புறமும் செங்கல்ல எடுக்கிறதில்ல. எங்க வூட்ல கட்டில் இப்பவும் செங்கல் மேலதான் நிக்குது. எடுக்க மனசு வரல மேடம். மேகப்பட்டுல இருக்கிறவங்க யாரு? தண்ணிக்குத் தப்பிச்சிப் போனவங்கதான? மேல போயிட்டா பயம் வுட்டுடுமா?”

“சரிதாங்க,” என்றார் நிவேதா, குரல் இறங்கி. “ஆனா இது கதையில எங்கேயும் வரலையே?”

“வரும் மேடம். கடைசி பாகத்துல வருது.”

நான் எழுதிவைத்திருந்த கடைசி பாகத்தில் அப்படி ஒரு மண்ணும் வரவில்லை. காற்றுப் பை கிழிந்து ஊர் கீழே இறங்குகிறது, தாமரை தனி ஆளாக மேலே ஏறித் தைத்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

“அப்ப கடைசி பாகத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. கேட்டுட்டு குரலைப் பத்தி முடிவு பண்ணிடலாம்” என்று ஃபோனை வைத்தார் நிவேதா.

“என்னாம்மா இப்படிச் சொல்லிட்ட?” என்று கத்தினேன். என் கதையில் யாராவது கை வைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஷமீமின் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. “ஊரு கீழ எறங்குது இல்லண்ணே. கனத்தக் கொறைக்கணும். எல்லா வூட்லயும் செங்கல் இருக்கு. எடுத்து வெளியில போடட்டுமே. தாமர ஒருத்தியே எல்லாத்தையும் செஞ்சிட்டா அப்புறம் ஊருன்னு எதுக்கு?”

குணா மெதுவாக, “மாமா, அக்கா சொல்றது சரியாத்தான் இருக்கு” என்றான்.

சரியாகத்தான் இருந்தது. அன்றே உட்கார்ந்து மாற்றி எழுதினேன்.

எந்த அணை?

செங்கல் சத்தம் ஸ்டுடியோவில் வரவில்லை. தரையெல்லாம் மெத்தை விரிப்பு. தள்ளினால் பூனை நடக்கிற மாதிரி இருந்தது. “எங்க வூட்டுக்கு வாங்கண்ணே, சிமெண்ட் தரை” என்றார் ஷமீம்.

ஐப்பசிக்கு இன்னும் நாள் இருந்தது. சுள்ளென்று வெயில். பழைய டவுனில் அந்தத் தெருவே மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் கிடந்தது. நானும் ஷமீமின் மாமனாரும் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தோம். குணா தரையோடு தரையாகப் படுத்து மைக்கை நீட்டினான். ஷமீம் செங்கல்லை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பார்த்தார்.

எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். தூக்கிய கட்டிலையும் செங்கல்லையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“யா அல்லா! கட்டில ஏத்துறீங்களா? எந்த அணையத் தொறந்துட்டாங்க?”

நாங்கள் பதில் சொல்வதற்குள் ஆளைக் காணோம். தெருவில் அவர் குரல் ஓடியது. அடுத்த நிமிடம் ஒரு வீட்டில் பிரிட்ஜ் நகரும் சத்தம். இன்னொரு வீட்டில் சிலிண்டர் உருண்டது. யாரோ பரணுக்கு ஏணி சாத்தினார்கள். “மாடிக்குத் தூக்குடி, பத்திரத்தத் தூக்குடி!” என்று ஒரு குரல். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்கு வெள்ளம் மேலேயிருந்து வருவது குறைவு, அணை திறந்து மேற்கிலிருந்துதான் வரும்.

ஹெட்ஃபோன் மாட்டியிருந்த குணா தரையில் படுத்தபடியே, “மாமா, பேசாதீங்க! தெருவே ரெக்கார்ட் ஆவுது!” என்றான்.

ஷமீம் செங்கல்லும் கையுமாக வெளியே ஓடினார். தெருவின் நடுவில் நின்று, “எந்த அணையும் தொறக்கல! நாடகத்துக்குச் சத்தம் எடுக்குறோம்!” என்று கூவினார்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த அர்ச்சனையை வாரப் பத்திரிகையில் போட முடியாது. “ஸ்டுடியோ தம்பி, உனக்கு வெளாட இதான் கெடச்சிதா?” என்று மும்தாஜ் அக்கா ஆரம்பித்தது மட்டும் போடத் தக்கது. எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு ஷமீம் கதையைச் சொன்னார். ஆகாயத்தில் ஒரு ஊர், அங்கேயும் கட்டிலுக்கு அடியில் செங்கல், ஊர் இறங்குகிறது, செங்கல்லை எறிந்தால்தான் பிழைக்கும்.

தெரு கொஞ்சம் யோசித்தது. “மேலயும் போயி வெச்சிருக்காங்களா?” என்று மும்தாஜ் அக்கா கேட்டார். “பாவம், வெக்காம என்னா பண்ணுவாங்க.” அப்புறம் அவரே சொன்னார். “ஒரு வூட்டுச் செங்கல்லு போதுமா? எங்க வூட்லயும் எடுக்குறோம். எல்லாரும் எடுங்கடி.”

குணா மைக்கை வாசலுக்கு மாற்றினான். ஷமீம் தெருவில் நின்றார். கையில் தாள் இல்லை. முன்னால் இருந்தது மைக் அல்ல, சற்றுமுன் அணை திறந்துவிட்டதென்று பதறிப்போன சனம்.

“எல்லாரும் கேளுங்க. நம்ம ஊரு எறங்குது. கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கிறத எடுத்து வெளியில போடுங்க. எதுக்கு வெச்சீங்கன்னு எனக்குத் தெரியும். நானும்தான் வெச்சிருக்கேன். இங்க தண்ணி வராது. இனிமே வராது. போட்டுடுங்க.”

ஆட்டோவில் போகிற குரல் இல்லை அது. இழுப்பு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரல். பிறகு ஒரு வீட்டிலிருந்து கர்ரென்று ஒரு செங்கல் நகர்ந்தது. அடுத்த வீட்டில் ஒன்று. அப்புறம் தெரு முழுக்க. கட்டில்கள் தொப் தொப்பென்று தரையில் இறங்கின. வாசல்களில் செங்கல் வந்து விழுந்தது. மும்தாஜ் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். வெட்கப்படவில்லை, அழுகை வந்தது, அழுதேன்.

குணா கையை உயர்த்தி முடிந்தது என்று காட்டினான்.

“முடிஞ்சிதா தம்பி?” என்றார் மும்தாஜ் அக்கா. “அப்ப எடுத்து வெச்சிடலாமா? ஐப்பசி வருது இல்ல.”

மாலைக்குள் எல்லாக் கட்டில்களும் மறுபடி செங்கல் மேல் ஏறிவிட்டன.

பேர்

அனுப்பினோம். பல நாள் பதில் இல்லை. ஷமீம் ஸ்டுடியோவுக்கு வந்து விளம்பரம் பேசிவிட்டு, ஃபோனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். ஒன்றும் கேட்க மாட்டார். எனக்குத்தான் கேட்காமல் இருப்பது தாங்கவில்லை.

ஒரு நாள் நிவேதா அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. “சார், பேரு எப்படிப் போடணும்? ஷமீம்னு போடவா, ஷமீம் பானுன்னு போடவா?”

இப்போது அந்த நாடகம் எங்கெங்கோ ஓடுகிறது. மலேசியாவிலிருந்து எழுதுகிறார்கள், துபாயிலிருந்து எழுதுகிறார்கள். ஷமீமின் கணவர் கத்தாரில் தன் ரூமில் இருக்கிற எல்லாருக்கும் போட்டுக் காட்டி, கடைசியில் பேர் வரும்போது மட்டும் இரண்டு தடவை போட்டாராம்.

ஆனால் என் பெருமைக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. சிதம்பரம் பஸ் போதும்.

சிதம்பரத்தில் ஒரு துணிக்கடைத் திறப்பு. முதலாளி கடையிலேயே வந்து பேசித் தர வேண்டும் என்றார். ஆமாம், இன்னும் அந்த வேலையும் செய்கிறோம். நானும் ஷமீமும் பழைய டவுனில் தனியார் பஸ் ஏறினோம். வழக்கமாகப் பாட்டு காதைக் கிழிக்கும். அன்று ஸ்பீக்கரில் தேர் வடம் விறைத்து முனகியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரைவர் எங்கள் நாடகத்தைப் போட்டிருந்தார்.

ஆலப்பாக்கம் தாண்டியபோது கடைசி பாகம். ‘கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கிறத எடுத்து வெளியில போடுங்க’ என்று ஸ்பீக்கரில் ஷமீம் சொன்னார். முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம், “எங்க வூட்லயும் இன்னும் எடுக்கல” என்றார். ஷமீம் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கண்டக்டர் அப்போதுதான் எங்களிடம் வந்தார்.

“சிதம்பரம் ரெண்டு” என்றார் ஷமீம்.

டிக்கெட்டைக் கிழிக்கப் போன கை நின்றது. கண்டக்டர் ஸ்பீக்கரைப் பார்த்தார். ஷமீமைப் பார்த்தார். “நீங்க…” என்று இழுத்தார்.

சரி, ‘அந்தத் துணிக்கடையில’ என்றுதான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“நீங்க தாமரைதான?”

‘இல்லீங்க, அது வேற யாரோ’ என்ற பதிலுக்கு நான் காத்திருந்தேன். ஷமீம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தாமர கதையில. எம்பேரு ஷமீம் பானு.”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் டிரைவர் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார். “என்னா பேரு? இங்க கேக்கல, இன்னொரு தடவ சொல்லச் சொல்லுய்யா!” என்று குரல் கொடுத்தார்.

ஷமீம் இன்னொரு தடவை சொன்னார்.